இரண்டாவது பொட்டி

பத்து நொடி எவ்வளவு நீளம் என்பதை எவர்குவெஸ்ட்டில் கிளெரிக்காக ஆடியவர்களிடம்தான் கேட்க வேண்டும். அந்த ஆன்லைன் விளையாட்டில் 39-ஆம் நிலையை எட்டும் கிளெரிக்குக்கு ஒரு மந்திரம் கிடைக்கும். பெயர் ‘கம்ப்ளீட் ஹீல்’. குற்றுயிராகக் கிடக்கும் வீரனையும் ஒரே தடவையில் முழுசாகத் தேற்றிவிடும். ஆனால் பட்டனைத் தட்டியதிலிருந்து அது பலிக்கப் பத்து நொடி ஆகும். அதனால் வீரன் சாகக் கிடக்கும்போது தட்டிப் பிரயோஜனமில்லை. அவனுடைய உயிர்க்கோடு பாதிக்கு மேல் இருக்கும்போதே, எதிரி இந்த வேகத்தில் அடித்தால் பத்து நொடியில் கோடு எங்கே வந்து நிற்கும் என்று மனக்கணக்குப் போட்டுத் தட்ட வேண்டும். முந்தினால் 400 புள்ளி மந்திர சக்தி வீண். பிந்தினால் வீரன் பிணம்.

அந்த வீரனும் நீங்கள்தான், கிளெரிக்கும் நீங்கள்தான் என்று இப்போது வைத்துக்கொள்ளுங்கள். மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு பெரிய கண்ணாடிக் குழாய் மானிட்டர், இரண்டு கீபோர்டு, இரண்டு மவுஸ். வலது பக்கத் திரையில் வீரன் வாள் வீசிக்கொண்டிருக்கிறான். எதிரியின் கோபம் தன் மேலேயே இருக்கும்படி அவன் அவ்வப்போது சீண்ட வேண்டும். அதற்கு வலது கை. இடது பக்கத் திரையில் கிளெரிக் நிற்கிறாள். கண் வலது திரையின் உயிர்க்கோட்டில் இருக்க, இடது கை தடவிப் பார்த்தே அந்த ஒரு பட்டனைக் கண்டுபிடித்துத் தட்டுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய் எண்ணுகிறது. ஏழு வரும்போது பின்னாலிருந்து இன்னொரு பூதம் சண்டையில் சேர்ந்துகொள்கிறது. அதை வீரன் தன் பக்கம் இழுப்பதற்குள் அது கிளெரிக்கின் மேல் பாய்ந்து ஓங்கி ஓர் அடி வைக்க, பாதி சொன்ன மந்திரம் கலைந்துபோகிறது. இரண்டு பேரும் சாகிறார்கள். இரண்டு பேருக்கும் அழ ஒரே ஆள்.

ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகளை ஒரே நேரத்தில் ஆடும் இந்த வித்தைக்கு மல்டிபாக்ஸிங் என்று பெயர். குத்துச்சண்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கம்ப்யூட்டரோடு புழங்கும் அமெரிக்கர்கள் அதைச் செல்லமாக பாக்ஸ் என்பார்கள். நம்மூரிலும் மென்பொருள் வேலைக்குப் போகிறவர்கள் ‘பொட்டி தட்டுறேன்’ என்றுதானே சொல்கிறார்கள், அதே பொட்டி. இரண்டு பொட்டி வைத்து ஆடினால் அதற்கு டூ-பாக்ஸிங் என்றும் பெயர். இன்றைக்கு ஒரே கம்ப்யூட்டரில் ஐந்து ஜன்னல் திறந்து ஆடுகிறவரையும் மல்டிபாக்ஸர் என்றே சொல்கிறோம். கைபேசியில் சுழற்ற எதுவும் இல்லாதபோதும் நம்பரை டயல் பண்ணு என்கிறோம் அல்லவா, அப்படித்தான். பொருள் போன பிறகும் பெயர் நிற்கிறது. இந்தக் கலை எங்கே பிறந்தது என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

இரண்டு கணக்கில் ஆடும் ஆசை அந்தப் பொட்டிகளுக்கும் முந்தியது. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ என்ற விளையாட்டில் படமே கிடையாது. எல்லாம் எழுத்துதான். வடக்கே போ என்று தட்டினால், நீ ஒரு குகையில் நிற்கிறாய் என்று பதில் வரும். அதன் வழியில் நூற்றுக்கணக்கான மட்கள் முளைத்தன. 1991 வாக்கில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணினித் துறை மாணவர்கள் ஐந்து பேர் எழுதி வெளியிட்ட டிகுமட் அவற்றில் முக்கியமானது. ஒருவர் பின்னால் ஒருவர் தொடர்ந்து போவதற்கும், குழுவாகச் சேர்வதற்கும் அதில் கட்டளைகள் இருந்தன. ஒருவன் அடி வாங்குவான், ஒருவன் காயம் ஆற்றுவான், ஒருவன் மந்திரம் எறிவான் என்ற வேலைப் பிரிவினை அங்கே ஊறிப்போனது. வேலையைப் பிரித்ததும், எல்லா வேலையையும் நானே பார்த்தால் என்ன என்று யாராவது ஒருவருக்குத் தோன்றத்தான் செய்யும். டெல்நெட் நிரலில் இன்னோர் இணைப்பைத் திறந்தால் இன்னோர் ஆள் தயார். காசும் செலவில்லை. பல மட்களின் நிர்வாகிகள் இதைக் குற்றமாக அறிவித்து, பிடிபட்டவர்களை விரட்டினார்கள். ஆசையும் தடையும் அங்கேயே வந்துவிட்டன. இரண்டாவது பொட்டிக்குத்தான் அங்கே அவசியம் வரவில்லை.

அவசியத்தை உண்டாக்கியது எவர்குவெஸ்ட். 1999 மார்ச் 16-இல் வெளியானது. அமெரிக்காவின் சான் டியாகோவில் இருந்த வெரண்ட் இன்டராக்டிவ் நிறுவனத்தின் படைப்பு. பிராட் மெக்குவெய்ட், ஸ்டீவ் குளோவர், பில் ட்ரோஸ்ட் போன்றவர்கள் உருவாக்கினார்கள். டிகுமட் வழி வந்த விளையாட்டுகளின் வாசனை அதில் தூக்கலாகவே அடித்தது. அந்த நிரலையே எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்று ஒரு சந்தேகம் கிளம்பி, அப்படி இல்லை என்று வெரண்ட்காரர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் அளவுக்கு வாசனை. எழுத்தில் இருந்த உலகம் இப்போது முப்பரிமாணத்தில் எழுந்து நின்றது. காடும் கடலும் கப்பலும் மரத்தின் மேல் கட்டிய நகரமும் கண்ணெதிரே வந்தன.

ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பதுதான் இந்த உலகத்தின் சட்டம். குழு என்றால் ஆறு பேர். முன்னால் நின்று அடி வாங்க ஒரு வீரன், காயம் ஆற்ற ஒரு கிளெரிக், கூட்டமாக வரும் எதிரிகளை மயக்கி நிறுத்திவைக்கவும் தோழர்களின் மந்திர சக்தி வேகமாக ஊறச் செய்யவும் ஒரு என்சான்ட்டர். இந்த மூவர் இல்லாமல் உருப்படியான இடங்களுக்குப் போக முடியாது. தனியாகப் போய்ச் சமாளிக்கக்கூடிய சில வகைப் பாத்திரங்கள் உண்டு. வீரனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அந்த நாட்களில் செத்தால் சேர்த்த அனுபவப் புள்ளிகளில் ஒரு பங்கு போகும். உடைமைகள் எல்லாம் பிணத்தோடு அதே இடத்தில் கிடக்கும். வெறுங்கையோடு எங்கோ தொலைவில் எழுந்து, அதே ஆபத்தைத் தாண்டி ஓடிவந்து, தன் பிணத்தைத் தானே கண்டுபிடித்து உடைமைகளை மீட்க வேண்டும். கிளெரிக் வந்து உயிர்ப்பித்தால் இழந்த புள்ளிகளில் கணிசமான பங்கு திரும்பும். மனிதர்கள் ஒருவரையொருவர் நம்பித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்தே அப்படி அமைத்தார்கள். அதில் முளைத்த நட்புகளும் கல்யாணங்களும் உண்டு. அந்த வடிவமைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை இருக்கிறது.

ஆனால் வேலை முடிந்து வீடு திரும்பி, சாப்பிட்டு, பிள்ளைகளைத் தூங்கப் போட்டுவிட்டு, இரவு பத்து மணிக்கு உட்காருகிறவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கையில் இருப்பது இரண்டு மணி நேரம். குழு தேடுகிறேன் என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். வீரர்கள் வேண்டிய மட்டும் இருக்கிறார்கள், கிளெரிக் ஒருவர்கூட இல்லை. ஒருவழியாக ஒரு கிளெரிக் கிடைத்து, அவர் இரண்டு கண்டம் தாண்டிக் கப்பலுக்குக் காத்திருந்து வந்து சேர்வதற்குள் இவருக்குத் தூக்க நேரம் வந்துவிடும். மல்டிபாக்ஸிங்கைப் பெற்ற தாய் இந்தக் காத்திருப்புதான். பேராசைக்காரர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி என்று இதைப் பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. துணை இல்லாமல் வாழ முடியாத ஓர் உலகத்தில் துணை கிடைக்காமல் போனவர்கள் தன் கையே தனக்குதவி என்று இறங்கியதுதான் தொடக்கம். ஓசை வர இன்னொரு கை வேண்டும் என்றால், என்னிடமே இன்னொரு கை இருக்கிறதே என்றார்கள்.

சரி, அந்த இரண்டாவது கணக்கை ஏன் அதே கம்ப்யூட்டரில் திறக்கவில்லை? திறக்க முடியாது. அப்போதே முப்பரிமாண கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஓட மறுத்த விளையாட்டு எவர்குவெஸ்ட். 166 மெகாஹெர்ட்ஸ் பென்டியமும் 32 மெகாபைட் நினைவகமும் அதன் குறைந்தபட்சத் தேவைகள். திறந்த உடனே திரை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். ஆல்ட்-டேப் தட்டி வேறு ஜன்னலுக்குத் தாவ விடாது. ஒரு பொட்டிக்குள் அது நுழைந்துவிட்டால் வேறு எதற்கும் இடமில்லை, அதன் இன்னொரு பிரதிக்கும் இல்லை. இரண்டாவது ஆள் வேண்டுமா, இரண்டாவது பொட்டி வாங்கு.

அந்தப் பொட்டி பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தது என்பது காலத்தின் கொடை. அந்த வருடங்களில் கம்ப்யூட்டரின் வேகம் தாவித் தாவி ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வாங்கியது பழசாகிவிட, புதிது வந்ததும் பழையது மூலைக்குப் போகும். சண்டை போடும் வீரனுக்குத்தான் நல்ல கார்டும் வேகமும் தேவை. பின்னால் உட்கார்ந்து மந்திரம் சொல்கிற கிளெரிக்குக்கு மூலையில் கிடந்தது போதும். இன்னொரு தடங்கலும் அப்போது விலகியது. பல வீடுகளில் இணையம் இன்னும் டெலிபோன் வழியாக, மோடத்தின் கீச்சுச் சத்தத்தோடுதான் வந்துகொண்டிருந்தது. ஒரு லைனில் ஒரு கம்ப்யூட்டர் என்பதே வழக்கம். அதே 1999-இல் வெளிவந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில், ஒரு கம்ப்யூட்டரின் இணைய இணைப்பை இன்னொன்றுக்குப் பகிரும் வசதி கூடவே வந்தது. இரண்டு நெட்வொர்க் கார்டு, நடுவில் ஒரு வயர், அவ்வளவுதான். வீரனும் கிளெரிக்கும் ஒரே டெலிபோன் லைனில் எவர்குவெஸ்ட்டின் நோராத் உலகத்துக்குள் நுழைந்தார்கள்.

எவர்குவெஸ்ட்டின் மெதுவான நடையும் இதற்குத் துணை செய்தது. சண்டை முடிந்ததும் மந்திரவாதிகள் தரையில் உட்கார்ந்து சக்தியை ஊறவைக்க வேண்டும். ஆரம்ப வருடங்களில், 35-ஆம் நிலை வரும்வரை, அப்படித் தியானத்தில் உட்காரும்போது மந்திரப் புத்தகத்தைத் திறந்துவைத்திருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. புத்தகம் திரையை அடைத்துக்கொள்ளும். வெளியே பூதம் வந்தாலும் தெரியாது. திறந்த புத்தகத்தின் பக்கங்களையே நிமிஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஒரு மந்திரவாதியின் வாழ்க்கை. ஆட்டத்தில் பாதி காத்திருப்பு என்றால் ஓர் ஆளின் கவனத்தில் பாதி சும்மா கிடக்கிறது என்று பொருள். அந்தப் பாதியில்தான் இரண்டாவது பாத்திரம் வந்து உட்கார்ந்தது. கிளெரிக் புத்தகம் பார்க்கும் நேரத்தில் வீரன் அடுத்த எதிரியை இழுத்து வருவான். வேகமான விளையாட்டாக இருந்திருந்தால் இரண்டு கையால் இரண்டு பேரை ஓட்டும் இந்தப் பழக்கம் பிறந்தே இருக்காது என்பது என் எண்ணம்.

நடப்பதுதான் பெரிய பாடு. முன்னால் போகிறவரைத் தொடர்ந்து போவதற்கு ‘ஃபாலோ’ என்ற கட்டளை இருந்தது. நண்பர் தண்ணீர் குடிக்க எழுந்து போனால் அவரை இழுத்துக்கொண்டு போக உதவும் சின்ன வசதி. டூ-பாக்ஸர்களுக்கு அது உயிர்நாடி. ஆனால் தொடர்கிற பாத்திரத்துக்கு அறிவு கிடையாது. முன்னால் போகிறவர் இருக்கும் திசையில் நேர்கோட்டில் நடக்கும். கெலெதின் என்று மர எல்ஃப்களின் ஊர் ஒன்று. ஆகாயத்தை முட்டும் மரங்களின் மேல் பலகை அடித்துக் கட்டியது, பலகைகளுக்கு இடையே குறுகலான பாலங்கள், பல இடங்களில் கைப்பிடி கிடையாது. வீரன் பாலத்தில் வளைந்து திரும்புவான். பின்னால் வரும் கிளெரிக் குறுக்கே நேராக நடந்து அப்படியே கீழே போய்விடுவாள். இடது திரையில் தரை வேகமாக மேலே வருவதைப் பார்த்துத்தான் ஆடுகிறவருக்கு விஷயம் தெரியும். ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குத் தாண்டும்போது வேறொரு சிக்கல். புதுப் பொட்டி சட்டென்று அடுத்த இடத்தைத் திறந்துவிடும். பழைய பொட்டி இன்னும் வட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கும். வீரன் மட்டும் எதிரிகளுக்கு நடுவில் போய் நிற்பான், அவனைக் காப்பாற்ற வேண்டியவள் இன்னும் வாசலிலேயே.

கீபோர்டு, மானிட்டர், மவுஸ் மூன்றையும் இரண்டு கம்ப்யூட்டருக்குப் பொதுவாக்கும் கேவிஎம் சுவிட்ச்களை அலுவலகங்களில் சர்வர் அறைக்காரர்கள் வைத்திருந்தார்கள். அதை வாங்கிப் பார்த்தவர்களும் உண்டு. ஒரு திரையைப் பார்க்கும்போது மற்றது மறைந்துவிடும் என்பதால் சண்டைக்கு அது ஆகவில்லை. 2001-இல் கிறிஸ் ஷோன்மன் என்ற நிரலாளர் வெளியிட்ட சினெர்ஜி இன்னும் நெருங்கி வந்தது. மவுஸை ஒரு திரையின் ஓரத்துக்குத் தள்ளினால் சுட்டி பக்கத்து கம்ப்யூட்டரின் திரையில் போய் எட்டிப் பார்க்கும், கீபோர்டும் கூடவே போகும். விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று வேறு வேறு வகைப் பொட்டிகளையும் அது ஒரே மேஜையாக்கியது. விளையாட்டில் மட்டும் ஓர் உபத்திரவம். சுற்றிலும் பார்க்க மவுஸை இழுத்தால் சுட்டி எல்லை தாண்டிப் பக்கத்துப் பொட்டிக்கு ஓடிவிடும். அதைத் தடுக்க ஸ்க்ரோல் லாக் விசையைத் தட்டிச் சுட்டியை ஒரே திரையில் பூட்டிவைக்கலாம். கீபோர்டில் வருடக்கணக்காகச் சும்மா இருந்த அந்த விசைக்கு இங்கே நல்ல வேலை கிடைத்தது.

இப்படித் தோன்றிய பழக்கம் பக்கத்து விளையாட்டுகளுக்கும் பரவியது. 2001 அக்டோபரில் வந்த டார்க் ஏஜ் ஆஃப் கேமலாட்டில் அது வேறு உருவம் எடுத்தது. ஒருவரின் வலிமையைக் கூட்டும் மந்திரங்களை அங்கே அப்போது ஒரு துணைப் பாத்திரம் போட்டுவிட்டு, எங்கோ பத்திரமான மூலையில் உட்கார்ந்திருந்தாலே போதும், பலன் நீடிக்கும். ஆகவே இரண்டாவது கணக்கு ஆடவே தேவையில்லை. உட்கார்ந்திருந்தால் சரி. அதை ‘பஃப்பாட்’ என்றார்கள். மற்றவர்களோடு மோதுவதே அந்த விளையாட்டின் உயிர் என்பதால், பஃப்பாட் வைத்திருப்பவரிடம் அது இல்லாதவர் தோற்றுக்கொண்டே இருந்தார். சந்தா இரண்டு கட்டினால்தான் சமமாக நிற்கலாம் என்ற நிலைமை வந்தது. துணைக்காகப் பிறந்தது வேறு ஒன்றாக மாறத் தொடங்கிய இடம் என்று நான் இதைத்தான் சொல்வேன்.

எவர்குவெஸ்ட்டிலும் அதே 2001 டிசம்பரில் ‘ஷேடோஸ் ஆஃப் லக்ளின்’ விரிவாக்கம் வந்து பஜார் திறந்தது. அதுவரை பொருள் விற்க வேண்டுமானால் கிழக்கு காமன்லேண்ட்ஸ் சுரங்கப் பாதையில் நின்று தொண்டை கிழியக் கூவ வேண்டும். பஜாரில் கடை போட்டுவிட்டால் பொருள் தானே விற்கும். ஆனால் கடைக்காரப் பாத்திரம் அங்கேயே ஆன்லைனில் நிற்க வேண்டியிருந்தது. பிறகென்ன, கடைக்கு ஒரு கணக்கு, சண்டைக்கு ஒரு கணக்கு.

2003 மே மாதம் ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் வெளியிட்ட ஈவ் ஆன்லைன் இதில் இன்னும் ஒரு படி மேலே. அங்கே திறமைகள் நிஜக் கடிகாரத்தில் வளரும். அப்போது ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு பாத்திரம்தான் கற்க முடிந்தது. இரண்டாவது விமானி வேண்டுமென்றால் இரண்டாவது சந்தா. பெரிய போர்க்கப்பல்கள் நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவுவதற்குப் போய்ச் சேரும் இடத்தில் வேறொரு விமானி விளக்கு ஏற்றிவைக்க வேண்டும். அதற்கென்றே ஒரு துணைக் கணக்கு வைத்திருப்பது அங்கே சாதாரணம். நிறுவனமும் தயங்கவில்லை. ‘பவர் ஆஃப் டூ’ என்று பெயர் வைத்து, ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இரண்டாவது கணக்கைச் சலுகை விலையில் விற்றது. பல விளையாட்டு நிறுவனங்கள் இந்தப் பழக்கத்தைக் கண்டும் காணாமலும் இருந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஆடுகிற ஆள் ஒருவர், வரும் சந்தா இரண்டு.

2004 நவம்பர் 23-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்தது. ப்ளிஸார்ட் நிறுவனம் அதை விண்டோஸுக்கும் மேக்குக்கும் ஒரே நாளில் வெளியிட்டது. எவர்குவெஸ்ட்டின் மேக் பதிப்பு 2003-இல் வந்தபோது அதற்கென்று அல்கபோர் என்று ஒரு தனி சர்வரை ஒதுக்கி, மேக்காரர்களைத் தனியாக உட்கார வைத்திருந்தார்கள். இங்கே அந்தப் பாகுபாடு இல்லை. வலது பக்கம் விண்டோஸ் பொட்டி, இடது பக்கம் மேக், இரண்டிலிருந்தும் ஒரே காட்டுக்குள் நுழையலாம்.

ஆனால் இந்த உலகம் வேகமானது. உட்கார்ந்து புத்தகம் பார்க்கும் நேரம் கிடையாது. தனியாகவே கடைசி நிலை வரை ஏறலாம் என்பதால் துணை இல்லாத தவிப்பும் பெரிதாக இல்லை. அப்படியென்றால் மல்டிபாக்ஸிங் அங்கே பட்டுப்போயிருக்க வேண்டும். மாறாகக் காடாக வளர்ந்தது. காரணம், கை செய்த வேலையை ஒரு கருவி எடுத்துக்கொண்டது. ஒரு கீபோர்டில் தட்டும் விசையை எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் சாதனங்களும், அதன் பிறகு அதையே செய்யும் மென்பொருள்களும் வந்தன. கீக்ளோன், ஹாட்கீநெட், ஐஎஸ்பாக்ஸர் ஆகியவை அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள்.

வேலை நடக்கும் விதம் எளிமையானது. குழு என்றால் ஐந்து பேர். தலைவன் யாரைத் தாக்குகிறானோ அவனையே குறிவை, பிறகு மின்னலை எறி என்று இரண்டு வரி மேக்ரோவை மற்ற நால்வரிடமும் ஒரே விசையில் எழுதிவைக்க வேண்டும். தலைவன் எதிரியைத் தேர்ந்தெடுத்து அந்த விசையைத் தட்டினால் ஐந்து மின்னல் ஒரே தலையில் இறங்கும். இன்னொரு விசை தட்டினால் நால்வரும் தலைவன் பின்னால் வருவார்கள். கீபோர்டைப் பகிர்வது சுலபம், மவுஸைப் பகிர்வது கஷ்டம். தரையில் இடம் பார்த்துக் குறிவைக்கும் மந்திரங்கள் ஆகாது. வாள் வீசுகிறவன் எதிரியை ஒட்டி, அவன் பக்கம் முகம் திருப்பி நிற்க வேண்டும். ஐந்து பேரை அப்படி நிறுத்துவது பெரும்பாடு. அதனால்தான் மல்டிபாக்ஸர்கள் தூரத்தில் நின்று எறியும் வகைகளையே விரும்பினார்கள், அதிலும் மின்னல் எறியும் ஷாமன் வகையில் ஐவர் கூட்டணி பெயர்பெற்றது. போர்க்களத்தில் ஒரே மாதிரி உடுத்திய ஐந்து ஷாமன்கள் வரிசையாக நடந்து வருவதைப் பார்த்த எதிராளி, ஒரு விசை தட்டக்கூட நேரம் கிடைக்காமல் தரையில் விழுவார். அவர் ஆத்திரம் நியாயமானது.

மாதம் ஒரு கணக்குக்கு 14.99 டாலர். ஐந்துக்கு ஏறத்தாழ 75 டாலர். ஆட்டத்தை நிர்வகிப்பவர்கள் பல வருடங்கள் இதை அனுமதித்தார்கள். மனிதர் ஒரு விசை தட்டினால் ஒவ்வொரு பாத்திரமும் ஒரு செயல் செய்கிறது, ஆள் இல்லாமல் எதுவும் தானாக ஓடவில்லை, ஆகவே இது தானியங்கி அல்ல என்பது வாதம். 2008-இல் நண்பரைச் சேர்த்தால் இருவரும் சேர்ந்து ஆடும்போது மும்மடங்கு அனுபவப் புள்ளி என்று சலுகை வந்தது. பலர் தங்களைத் தாங்களே நண்பராகச் சேர்த்துக்கொண்டார்கள். அதே காலத்தில் நான்கு கோர் கொண்ட செயலிகள் வீடுகளுக்கு வந்தன. ஒவ்வொரு ஜன்னலையும் ஒரு கோரில் கட்டிப்போட்டு, விளையாட்டுக் கோப்புகளின் ஒரே பிரதியை எல்லா ஜன்னல்களும் பகிரும்படி அமைத்து, ஐந்து பேரையும் ஒரே பொட்டிக்குள் ஓட்டினார்கள். பெயரில் இருந்த பொட்டி மேஜையிலிருந்து மறைந்தது.

எனக்கு இதில் தெளிவான ஒரு கருத்து உண்டு. அந்தப் பத்து நொடியை எண்ணிக்கொண்டு, இரண்டு கையால் இரண்டு பேரை உயிரோடு வைத்திருந்தவர் செய்தது அவதானம். அவருடைய கவனம்தான் இரண்டாகப் பிரிந்தது. ஒவ்வொரு விசையும் அவர் தனியாக எடுத்த முடிவு. ஒரு விசையை ஐந்தாகப் பிரதியெடுப்பது வேறு காரியம். ஐந்து மின்னல் விழுந்தாலும் முடிவு ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே பெயர் ஒட்டிக்கொண்டதால் சண்டை முழுக்கக் குழம்பிப்போனது. எதிர்த்தவர்கள் ஷாமன்களை மனதில் வைத்துத் திட்டினார்கள். ஆதரித்தவர்கள் கிளெரிக்கை மனதில் வைத்துப் பதில் சொன்னார்கள்.

கடைசியில் அந்தக் கோட்டை நிறுவனங்களே கிழித்தன. சிசிபி 2015 ஜனவரி 1 முதல் ஈவ் ஆன்லைனில் விசையைப் பிரதியெடுத்து அனுப்புவதைத் தடை செய்தது. எத்தனை கணக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓட்டு. ப்ளிஸார்டும் 2020 நவம்பரில் இதே முடிவுக்கு வந்தது. இடையில் வார்கிராஃப்டில் ஒரு மாற்றம் நடந்திருந்தது. 2016-இல் வந்த லீஜன் விரிவாக்கத்தில் ஒரு மூலிகைச் செடியையோ தாதுவையோ ஒருவர் பறித்தாலும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் அது கிடைக்கும் என்று மாற்றினார்கள். ஒருவருக்கொருவர் பறித்துக்கொண்டு ஓடாமல் இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம். ஆனால் ஒரே ஆளின் ஐந்து, பத்து ட்ரூயிட் பாத்திரங்கள் பறவை உருவில் வந்து ஒரே செடியில் இறங்கி, பத்து பங்கு எடுத்துக்கொண்டு பறந்தன. சந்தையில் மூலிகை குவிந்து விலை சரிந்தது. தனியாக மூலிகை பறித்துப் பிழைத்தவரின் உழைப்புக்கு மதிப்புப் போனது. இவர்தான் உண்மையில் பாதிக்கப்பட்டவர், இவருக்காகவாவது தடை வந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

எவர்குவெஸ்ட் என்ன ஆனது? அது இன்றும் ஓடுகிறது. 2012 மார்ச்சில் இலவசமாகவும் ஆடலாம் என்று ஆனதும் கணக்கு திறக்கக் காசே வேண்டாம் என்று ஆனது. அதற்கு வெகுகாலம் முன்பே ஜன்னலுக்குள் ஆடும் வசதியும் வந்திருந்தது. 2015 மே மாதம், பழைய நாட்களை முதலிலிருந்து மறுபடி வாழலாம் என்று ரேஜ்ஃபயர் என்ற சர்வரைத் திறந்தபோது கூட்டம் அலைமோதியது, அதன் நெரிசலுக்கு லாக்ஜா என்று இன்னொன்றையும் திறந்தார்கள். கூட்டத்தோடு மல்டிபாக்ஸர்களின் படைகளும் வந்தன. ஒரே பொட்டிக்குள் ஆறு, பன்னிரண்டு என்று பாத்திரங்களை ஓட்டி, நல்ல பூதங்கள் இருக்கும் இடங்களை அவர்கள் வளைத்துக்கொள்ள, இருபது வயதில் ஆடிய ஊரைத் தேடி வந்தவர்களுக்கு நிற்க இடமில்லாமல் போனது.

அதே ஆண்டு டிசம்பரில் ஃபினிஜெல் என்ற புதிய சர்வர் திறந்தது. அதன் விதிக்கு ‘ட்ரூ பாக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு கம்ப்யூட்டரில் ஒரு பாத்திரம்தான். இரண்டு பேரை ஆட்ட வேண்டுமா, தாராளமாக ஆட்டு. ஆனால் இரண்டு பொட்டி கொண்டு வா.

அந்த விதியின்படி ஆட உட்கார்கிறவரின் மேஜையில் வலது பக்கம் நல்ல கம்ப்யூட்டரும் இடது பக்கம் எங்கிருந்தோ தூசி தட்டி எடுத்த பழைய லேப்டாப்பும் இருக்கும். இரண்டு கீபோர்டு, இரண்டு மவுஸ். வீரன் அடுத்த பகுதிக்குள் கால் வைத்துவிட்டான். லேப்டாப்பின் விசிறி இரைந்துகொண்டிருக்கிறது, கிளெரிக் இன்னும் வந்து சேரவில்லை.